அண்ணன் என்று எழுதிக் கிடைத்த கட்டில்

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் நிலத் தரகு செய்துகொண்டிருந்தேன். வண்டன்மேட்டு மலைப்பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. வாங்குபவரைக் கூட்டிப் போவதற்கு முன் எல்லைக்கல்லை நானே பார்த்துவிடலாம் என்று தனியாக பஸ் ஏறிப் போனேன்.

யாருக்கும் கைகட்டி நிற்காத தொழில் என்று அப்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை. மில்லில் வேலை பார்த்த என் தம்பி, உடம்புக்கு முடியாவிட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பான். நான் சிரிப்பேன்.

அந்தத் தோட்டத்தில், மழையில் ஊறிய சரிவில் கால் வழுக்கி உருண்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. என் அலறலைக் கேட்டு, பக்கத்து எஸ்டேட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். கம்பளியில் என்னைக் கிடத்தி, நாலு பேர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். காய் எடுத்தவர்களில் ஒரு பெண்ணும் கூட வந்தாள்; முப்பது வயதிருக்கும்.

கம்பவுண்டர் வாசலிலேயே நிறுத்தினார். எஸ்டேட் தொழிலாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும்தான் அங்கே வைத்தியம். வெளியாள் என்றால் மலையிறங்கிக் கம்பத்துக்குத்தான் போகவேண்டும். மழையில் ஜீப் எதுவும் வரவில்லை.

"யாரோட ஆளு? நம்பர் என்ன?" என்று கேட்டார்.

அந்தப் பெண் முன்னால் வந்து தன் வேலை நம்பரைச் சொன்னாள். "எங்கூடப் பொறந்த அண்ணன் சார். ஊர்ல இருந்து வந்து எங்க லயத்து வீட்லதான் தங்கியிருக்காக."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வலி பொறுக்கவில்லை. "ஏனுங்க, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க, உசுரு போவுதுங்க" என்றேன்.

கம்பவுண்டர் பேனாவை நிறுத்தினார். "தங்கச்சி தெக்கத்திப் பேச்சு. அண்ணன் கோயம்புத்தூர்ப் பேச்சா?"

அவள் அசரவில்லை. "சின்னதுலயே அந்தப் பக்கம் தத்துக் குடுத்துட்டாக சார்."

கம்பவுண்டர் என் வெள்ளை வேட்டியையும் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பொய் வெளியே வந்தால் அவளுக்கும் வேலை போகும், அவருக்கும் போகும். ஆனாலும் 'அண்ணன்' என்று எழுதினார்.

எட்டு நாள் அங்கே கிடந்தேன். வேலை முடிந்ததும் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்கள மழையில போட்டுட்டுப் போனா, எனக்கு அன்னைக்கு வேல ஓடுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தொழில் இல்லை. என் மனைவி நகையை அடகு வைத்துத்தான் வீடு நடந்தது. எழுந்து நடந்ததும் முதல் வேலையாக, எங்கள் ஊர்த் தரகர்கள் ஒன்பது பேரைக் கூட்டி உட்காரவைத்தேன். ஒவ்வொரு கிரயம் முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் பொதுவில் போடுவது, படுத்தவன் வீட்டுக்கு அதிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்தோம். அதன் முதல் பணம், அந்த ஒன்பது பேரில் என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவரின் குடல் ஆபரேஷனுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

இப்போது என் மகன் இதே தொழிலில் இருக்கிறான். மருத்துவக் காப்பீட்டை வருடம் தவறாமல் புதுப்பிக்கச் சொல்லி அவனை நச்சரிக்கிறேன். ஆனாலும் ஒரு மனுஷி தன் பிழைப்பையே பணயம் வைத்து எனக்கு வாங்கித் தந்த அந்த எட்டு நாளுக்கு நான் எந்தத் தவணையும் கட்டியிருக்கவில்லை என்பது இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.