பெரியப்பாவைத் தேடிய மூன்று வாரம்

மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே இருந்த சைபர் கஃபேயில் மூன்று வாரம் பழியாய்க் கிடந்தேன். அப்பாவுக்குத் திங்கட்கிழமை இருதய ஆபரேஷன். இளவயதில் மலேயாவுக்குப் போய், கடிதம் நின்றுபோன பெரியப்பா உயிரோடு இருக்கிறாரா என்று அதற்குள் தெரியவேண்டும். "அண்ணன் குரலை ஒரு தடவை கேட்டுட்டா தைரியமாப் போய்ப் படுத்துப்பேன்" என்றார் அப்பா.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவவென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. எப்படித் தேடுவது என்று பாடம்கூடப் போட்டிருந்தார்கள். முதல் பாடமே, குடும்பப் பெயரில் தொடங்குங்கள் என்பதுதான். தொடங்கினேன். பினாங்கில் ரிட்டயரான ஒரு டீச்சர், முன்பின் தெரியாத எனக்காகத் ரப்பர்த் தோட்டப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, அந்தப் பெயரில் யாருமில்லை என்று எழுதினார். மறுபடி பாருங்களேன் என்று நச்சரித்தேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி ஃபாரத்தை நிரப்பும்போதுதான் உறைத்தது. என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். சர்நேம் இல்லாவிட்டால் டெல்லிப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள் என்று ஒட்டவைத்தது. அப்பாவின் அண்ணனுக்கு அது எப்படி இருக்கும்? அவருக்குத் தாத்தா பெயரல்லவா இனிஷியல்! மண்டு, மண்டு என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தாத்தா பெயரை எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்திருந்தது. பெரியப்பா ஈப்போவில் மகன் வீட்டில் இருந்திருக்கிறார். பத்து நாள் முன்னால் காலமாகிவிட்டார். பத்தே நாள்! நான் முதலிலேயே சரியாகக் கேட்டிருந்தால் அண்ணனும் தம்பியும் பேசியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அடுக்களையில் அம்மாவிடம் கிசுகிசுத்தேன். "அப்பாகிட்ட மூச்சு விடாதே. ஆபரேஷன் முடியட்டும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்பா ரஜாய்க்குள், அந்தப் பஞ்சுப் போர்வைக்குள், படுத்திருந்தார். "பதில் வந்துச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா. டீச்சர் தேடிட்டுத்தான் இருக்காங்க."

"அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

அப்போது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலைமுழுகாமல் அம்மா அடுப்பைத் தொடமாட்டாள். அந்த ஜனவரிக் குளிரில், கீசரைக்கூடப் போடாமல், சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐயோ அம்மா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா!

அப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் எப்பம்மா போனாங்க?"

"பத்து நாளாச்சுப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் ரஜாயை விலக்கிவிட்டுக் காலைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒரு வாளி தண்ணி வைக்கச் சொல்லு" என்றார்.