விரல் நீள டேங்கரும் இரண்டு இடது செருப்பும்

"...இந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் பிரேக்கு சக்கரம் வலது கைல, அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தாலும் வலது கைல. அப்ப நாப்பது பேருகிட்ட நான் இன்னாடி சொல்லி வெச்சிருக்கேன்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

ஆம்பூர் ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நடுத் தண்டவாளத்தில் ஒரு டேங்கர் கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பிளாட்பாரம், அந்தப் பக்கம் ஒரு பிளாட்பாரம். மேம்பாலப் படியில் ஏறி இறங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குத் தலை சுற்றியது. நாற்பது பேரிடம் அவர் சொல்லி வைத்ததில் பாதி நான் சொன்னது.

எப்படி அங்கே வந்து நின்றோம் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே புரியும்.

நாங்கள் இரண்டு பேரும் மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் பேட்டர்ன் மாஸ்டர். புது மாடல் வந்தால் அதன் ஒவ்வொரு துண்டையும் முதலில் அட்டையில் வெட்டிக் கொடுப்பவர். ஒரு காலுக்கு வெட்டினால் போதும், அட்டையைத் திருப்பிப் போட்டால் இன்னொரு கால். நான் பேக்கிங் செக்ஷன். வருகிற ஷூவை இடது வலது பார்த்து, ஜோடி சேர்த்து, தலையும் காலுமாக டப்பாவில் படுக்க வைப்பது என் வேலை. ஒரே டப்பாவில் இரண்டு இடது கால் போய்விட்டால் அதைவிட மானக்கேடு எங்கள் செக்ஷனில் கிடையாது. ஒருமுறை அப்படிப் போனபோது எங்கள் சூப்பர்வைசர் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அந்த ஊர்ல எல்லாரும் ஒத்தக் கால்லயாம்மா நடந்து போறாங்க?"

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் குடி, இவருக்கு ரயில். நிஜ ரயிலை நூற்று அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கிய பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும், "மாடல்" என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பலகை. அதில் தண்டவாளம், ஷூவுக்குள் போடுகிற இன்சோல் அட்டையில் வெட்டின பிளாட்பாரம். தோல் தேய்க்கிற மெஷினில் விழும் தூளைக் கொண்டுவந்து பசை போட்டு ஒட்டியதுதான் அங்கே மண். ஒரு இஞ்சின், மூன்று பெட்டி. மாமியார் வீட்டுச் சொந்தம் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கும், பிறகுதான் என்னைப் பார்க்கும்.

அதில் இல்லாத ஒன்று டேங்கர். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிதண்ணீர் போன அந்தக் கோடையில், ரயில்வே கேட் போட்ட இடத்தில் எங்கள் தெருவே குடத்தோடு நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக டேங்கர் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. இவர் மட்டும் முகம் மலர்ந்து நின்றார். கேட்டதற்கு, "எல்லாரும் தண்ணியப் பாத்தாங்க, நான் வண்டியப் பாத்தேன்" என்றார். பக்கத்து வீட்டு பாய் அதைக் கேட்டுவிட்டு, "உனக்குத் தாகம்னு ஒண்ணு எடுக்கவே எடுக்காதா தோஸ்த்?" என்றார். அன்றிலிருந்து இவருக்கு அந்த டேங்கர் வேண்டும். அந்த அளவில் நம் ஊர் டேங்கரை யாரும் செய்யவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி பஸ். ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். ஓடுகிற பஸ்ஸில் இவர் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தார். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவர் என்னிடம் வந்து பேசினது கிடையாது. யாருக்கோ உடம்புக்கு ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"வருதாம்டி" என்றார்.

"எது?"

"டேங்கரு."

போனைக் காட்டினார். வடக்கே ஏதோ ஊரில் இரண்டே பேர் நடத்துகிற சின்னக் கம்பெனியாம். என் சுட்டுவிரல் நீளத்தில் டேங்கர் செய்யப்போகிறோம் என்று படம் வரைந்து போட்டிருந்தார்கள். போதுமான பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்தால்தான் அச்சு வெட்டுவார்கள். அடுத்த ஞாயிறு சாயங்காலம்வரைதான் கெடு. பெயர் சேரவில்லை என்றால் டேங்கர் இல்லை, அவ்வளவுதான்.

என் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இதுக்கா இந்த ஓட்டம் ஓடியாந்தாரு? நான் கூட உன் நாத்தனா புள்ள பெத்துட்டாளோன்னு பாத்தேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவருக்கு அது காதில் விழவில்லை.

அவருடைய போனில் ஒரு குரூப் இருக்கிறது. இதே பழக்கம் பிடித்த நாற்பது பேர், ஊர் ஊராக. டாக்டர் இருக்கிறார், ஸ்கூல் வாத்தியார் இருக்கிறார், ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு ஒருத்தர் இருக்கிறார். அன்று முழுக்க அந்த குரூப் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒருத்தர், "படத்தைப் பெருசு பண்ணிப் பண்ணி என் கண்ணு போச்சு" என்று எழுதினார். ஒருத்தர், "வீட்ல சொல்லல, பேர் குடுத்துட்டேன், அப்புறம் ஆண்டவன் விட்ட வழி" என்றார். டாக்டர் பேஷண்ட்டை உட்காரவைத்துவிட்டுப் பதில் போட்டாராம். இந்த ஆனந்தம் எனக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்க்க நன்றாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டேங்கரை ஒரு பக்கமிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மேலே ஒரு படம், மறுபக்கமிருந்து பார்த்தால் எப்படி என்று கீழே ஒரு படம். வண்டியை நிறுத்திவைக்கக் கையால் திருகுகிற பிரேக் சக்கரம் ஒன்று இருக்கிறது. அது மேல்படத்திலும் வலது ஓரம், கீழ்ப்படத்திலும் வலது ஓரம். இவர் முகம் மாறிவிட்டது.

"ஜோடி சேக்கறவ நீ. இது ஜோடியான்னு சொல்லு."

பார்த்தேன். என் கைக்குப் பழகின வேலை. யோசிக்கவே இல்லை. "ஜோடி இல்லீங்க. ரெண்டும் ஒரே காலு."

"அதான் நானும் சொல்றேன். அட்டையத் திருப்பிப் போடாம அப்டியே ரெண்டு தரம் வெட்டிட்டானுங்க. நம்ம கம்பெனி பஸ்ஸ இந்தப் பக்கம் நின்னு பாத்தா மூஞ்சி வலதுல வருது. அந்தப் பக்கம் போனா இடதுல வருது. மாறணுமா இல்லியா?"

மாறத்தான் வேண்டும். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் குரூப்பில் பஸ் கதையோடு எழுதிப் போட்டார்: படம் தப்பு, இரண்டும் இடது கால், சரி பண்ணினால் ஒழிய யாரும் பெயர் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்னால் அங்கே மதிப்பு. மறுநாளே ஒவ்வொருத்தராக, "மாஸ்டர் சொன்னா சரியாதான் இருக்கும்" என்று பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தக் கம்பெனிக்காரர்கள், "நேரில் அளந்துதான் வரைந்தோம்" என்றார்கள். ரிட்டயர் ஆன கார்டு மட்டும் ஒரே வரி எழுதினார்: "மாஸ்டர், எதுக்கும் ஒரு தரம் நேர்ல பாத்துடுங்க." இவருக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா பாக்காததா" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து கடைசியாக ஒரு செய்தி. பெயர் கம்மியாகிக்கொண்டே போகிறது, ஞாயிறு சாயங்காலம்வரை பார்ப்போம், பிறகு இந்த வண்டியை விட்டுவிடுகிறோம்.

சனிக்கிழமை அவர் பலகை முன்னால் உட்கார்ந்து மூன்று பெட்டியையும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தார். சோற்றுக்குக் கூப்பிட்டால் எழுந்து வரவில்லை.

"தப்பா வந்தாலும் நான் வாங்கிப்பேன்டி" என்றார் திடீரென்று.

"அப்புறம் எதுக்கு எல்லாரையும் வேணாம்னீங்க?"

"தப்ப தப்புன்னு சொல்லாம இருக்க முடியல."

"வேணும்ன்றீங்களா, வேணாம்ன்றீங்களா?"

"பேஜார் பண்ணாத. அதத்தான் நானும் கேட்டுகினு இருக்கேன்."

மறுநாள் காலை ஸ்டேஷனில் டேங்கர் வண்டி நிற்கிறது என்று பாய் வந்து சொன்னார். சட்டையை மாட்டினார். "நீயும் வா, ஜோடி பாக்க ஆள் வேணும்" என்றார்.

அப்படித்தான் அங்கே நின்றோம். ஒரு வண்டி என்றால் எதேச்சை எனலாம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். இந்தப் பக்கம் நின்றால் ஒவ்வொரு டேங்கரிலும் சக்கரம் நம் வலது கைப்பக்கம். படியேறி அந்தப் பக்கம் போனால் அங்கேயும் நம் வலது கைப்பக்கம். படத்தில் இருந்த மாதிரியே. நான் கையை நீட்டி வலது எது என்று எனக்கே காட்டிக்கொண்டேன். யாரோ கண்கட்டு வித்தை காட்டுகிற மாதிரி இருந்தது.

வண்டியோரம் பிரேக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்த ரயில்வே ஊழியரை இவர் கூப்பிட்டுக் கேட்டார். "சார், இந்தச் சக்கரம் ரெண்டு பக்கமும் வலதுலயே இருக்கே, எப்டி?"

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வேற எப்டி இருக்கணும்ன்ற? வண்டிய எப்டித் திருப்பி மாட்டினாலும், எந்தப் பக்கம் எறங்கினாலும், கை அதே எடத்துக்குப் போவணும்ல. நின்னு தேடினு இருக்க முடியுமா?" சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

"பஸ்ஸுல மாறுதே" என்றார் இவர், அவர் முதுகைப் பார்த்து.

"பஸ்ஸுக்கு மூஞ்சி இருக்குதுங்க. இதுக்கு எங்க மூஞ்சி?" என்றேன். சொன்னது நான்தான், ஆனால் என்ன சொன்னேன் என்று எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. டப்பாவில் வைத்தால்தான் எனக்குப் புரியும். அங்கே டப்பா ஏது? என் இடது செருப்பைக் கழற்றித் தரையில் வைத்தேன். அவருடைய வலது செருப்பைக் கேட்டேன். பக்கத்தில் வைத்தால் ஜோடிதான், ஆனால் வண்டி மாதிரி இல்லை. அதைக் கொடுத்துவிட்டு அவருடைய இடது செருப்பை வாங்கி, என் செருப்புக்குப் பக்கத்தில் தலையும் காலுமாகத் திருப்பி வைத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், சுற்றிப்போய் அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். கட்டைவிரல் வார் இரண்டு தரமும் எனக்கு ஒரே கைப்பக்கமாக வந்தது.

"ரெண்டும் இடது காலுதாங்க" என்றேன். "இந்த வண்டிக்கு அதான் ஜோடி."

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டேங்கரைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வெட்டின அட்டை தப்பென்று கம்பெனியில் ஒருத்தர் சொன்னதில்லை. முகத்தில் ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் சந்தோஷம். எந்தப் பக்கம் எது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் நான் முதலில் எழுதினேனே, அதைக் கேட்டார். நாப்பது பேருகிட்ட நான் இன்னாடி சொல்லி வெச்சிருக்கேன் என்று.

அவர் போனை எடுத்து அந்த இரண்டு இடது செருப்பையும் பின்னால் டேங்கர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ பிடித்தார். அடியில், "படம் சரி. நான்தான் தப்பு. எல்லாரும் சாயங்காலத்துக்குள்ள பேர் குடுங்க, முதல் பேர் என்னுது" என்று ஒற்றை விரலால் எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, இன்னொரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்க்க மேம்பாலப் படியேறினார்.