சாபிராவுக்கு ஒரு புத்தகம்

2025 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ரைத் தொழுதுவிட்டு வந்தேன். நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பிறகு நாட்குறிப்பில் அன்றைய துஆவை எழுதினேன். நான்கு வாரங்களாக எழுதிவந்த அதே துஆதான்: “யா அல்லாஹ், என் மகளுக்குப் புரிகிற ஒரு புத்தகத்தைக் காட்டு.”

மகள் பெயர் சாபிரா. புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு, தெலுங்கு மீடியம். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். பள்ளிவாசலில் பயான் என்கிற சொற்பொழிவு உருதுவில் நடக்கும். அவளுக்கு அதில் பாதிகூடப் புரியாது. ஜனவரி கடைசியில் வகுப்பில் டீச்சர் அவளை எழுப்பி, நபிகளாருக்குப் பிறகு யார் பொறுப்புக்கு வந்தார்கள், இஸ்லாம் நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் முஸ்லிம் பிள்ளை அவள் ஒருத்திதான். பதில் தெரியாமல் நின்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். முதல் கலீஃபாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நம்மளுக்கே ஒண்ணும் தெரியல. அப்புறம் எதுக்கு அத்தா தொழுதுகினு இருக்கோம்?” என்றாள்.

அன்றிலிருந்து தொழுகையை விட்டுவிட்டாள். நான் அதட்டவில்லை. அதட்டினால் மொத்தமாகக் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

புத்தகம் தேடினேன். திருப்பதியில் கடை கடையாக ஏறினேன். சித்தூர் போனேன். கிடைத்தவை உருது. சென்னையிலிருந்து ஒரு நண்பர் தமிழில் அனுப்பினார். தலையணை மாதிரி இருந்தது, வரிக்கு வரி அரபுச் சொல். இரண்டு பக்கம் புரட்டி மூடிவிட்டாள். கைபேசியில் பார்த்த சொற்பொழிவுகளோ ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. மனம் விட்டுப்போயிற்று. துஆவை மட்டும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ரமலானுக்கு முன் பள்ளிவாசலைச் சுத்தம் செய்தோம். அங்கே மேல் அலமாரியில் பச்சைத் துணி உறை போட்ட ஆறு நூல்கள் உண்டு. குர்ஆனின் பாகங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஓதுவதற்கு வேறு பிரதிகள் கீழே இருந்ததால் இவற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. வருடம் தவறாமல் நானே கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தூசி தட்டி, மறுபடி மேலே வைப்பேன். இந்த முறை உறைகளை எலி கடித்திருந்தது. என் மனைவி ரஹிமா தையல் வேலை செய்பவள். புது உறை தைக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

பழைய உறைகளைக் கழற்றச் சொல்லி ரஹிமா மகளை அழைத்தாள். அம்மா சொன்னதற்காக சாபிரா ஒளு செய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் உறையைக் கழற்றியவள் புத்தகத்தைப் புரட்டினாள்.

“அத்தா, இது குர்ஆன் இல்ல. தமிழுல கீது. எனக்கே படிக்க வருது.”

ரஹிமா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் அவளுக்கு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்தப் புத்தகங்களில் எழுத்து பெரிது, வாக்கியம் சின்னது. மக்காவில் தொடங்கி, கலீஃபாக்கள், பாக்தாத், கடைசியில் கப்பலேறி நம் கரைக்கு வந்த வணிகர்கள் வரை, பிள்ளைகளுக்காக எழுதிய இஸ்லாமிய வரலாறு. ஆறும் அதன் பாகங்கள்தான். ரஹிமா அழுதாள்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி காதர் பாய்க்குப் போன் செய்தேன். யார் கொடுத்தது என்று அவருக்கும் நினைவில்லை. சிரித்தார். “நல்ல கூத்து பாய். வருசா வருசம் எடுத்து ஒத்திக்கினோமே, ஒருத்தனாச்சும் தொறந்து பாத்தோமா? கொழந்தையே வெச்சிகினு படிக்கட்டும்” என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். நான் ஊர் ஊராகத் தேடியதை, நான் தினமும் தொழும் இடத்திலேயே அல்லாஹ் வைத்திருந்தான். அதை என் மகளின் கையாலேயே திறக்க வைத்தான். சாபிரா படித்தபின், இப்போது அவை பள்ளிவாசலில் கைக்கெட்டும் கீழ்த்தட்டில், உறையில்லாமல் இருக்கின்றன. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள். பெரியவர்களும் பக்கத்தில் உட்காருகிறோம்.

சகோதர சகோதரிகளே, பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் கலங்க வேண்டாம். அல்லாஹ்விடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். மேலே பத்திரமாக வைத்திருப்பதையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

உறை கழற்றிய அன்றைக்கு மறுநாள் காலை, நான் கண் விழித்தபோது சாபிரா முகத்தில் ஈரத்தோடு, முதல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒளு செஞ்சிட்டேன் அத்தா. தொழுதுட்டுப் படிக்கலாமா, படிச்சிட்டுத் தொழுவலாமா?”

தொழுதோம். பிறகு அவள் எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தாள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்; நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் கிழிக்கப்படாமலே இருந்தது.