நாலாவது அறை கேட்ட சட்டை

இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். பட்டப்பகல். கடை விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. கண்ணால் பார்த்தேன். கையால் தொட்டேன். தொட்ட விரலில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது...

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனாள் அவள். உதடு அசையவில்லை. பக்கத்து சீட்டுக்காரிக்கு, வேலை முடிந்து களைத்துப்போன ஒரு கடைப் பெண் என்றுதான் தோன்றியிருக்கும்.

அந்தத் துணிக்கடையின் பெண்கள் பிரிவில் அவள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முன்பு அந்த மாடியில் ஆறு பேர் நின்றார்களாம். இப்போது இரண்டே பேர். மீதி வேலையைக் கண்ணாடிகள் பார்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துணியிலும் நகக்கண் அளவில் ஒரு மின் சில்லு தைத்திருக்கும். துணியோடு ட்ரையல் ரூமுக்குள் போனால், என்ன துணி, என்ன சைஸ் என்று அங்கிருக்கும் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும். நிற்பவரின் உடம்பையும் அது அளந்துவிடும். பொருந்தவில்லையா? கண்ணாடியைத் தொட்டால் போதும். இவள் இடுப்பில் தொங்கும் சின்ன மெஷின் கிர்ர்ர் என்று அதிர்ந்து, எந்த அறை, எந்தத் துணி, எந்த சைஸ் என்று காட்டும். எடுத்துப் போய்க் கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் மாட்டாமல் விட்டால் அது ஒரு குறை. லீவு எடுத்தாலும் குறை. மாதக் கடைசியில் யாருக்குக் குறை அதிகமோ, அவர் வீட்டுக்குப் போகலாம்.

"மெஷினுக்கு மூஞ்சி பார்க்கத் தெரியாதும்மா. எண்ணத்தான் தெரியும்," என்று சூப்பர்வைசர் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடிக் கிடந்தது. வீட்டில் வரும் ஒரே சம்பளம் அவளுடையது. அதனாலேயே இன்னொன்றை அவள் மறைத்து வந்தாள். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. சேர்ந்த அன்று கச்சிதமாக இருந்த நீல யூனிஃபார்ம் சட்டை இப்போது தோளிலிருந்து நழுவியது. டாக்டரிடம் போகலாம்தான். போனால் லீவு.

"என்ன, எனக்குத் தெரியாம ஓட்டப் பந்தயத்துல சேர்ந்துட்டியா?" என்றார் கணவர்.

"ஆமா, ஓடிப் பழகறேன். ஒருநாள் இந்த வீட்டை விட்டே ஓடணும்ல," என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, மோதிரத்துல எதுக்கு நூல் சுத்தி வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை. வெளியே நல்ல மழை. மாடியில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. கூட நிற்பவள் சாப்பிடப் போயிருந்தாள். மணி மூன்று இருக்கும்.

கிர்ர்ர்.

அறை நான்கு. நீலச் சட்டை. சைஸ் லார்ஜ்.

நீலச் சட்டையா? அது யூனிஃபார்ம் ஆயிற்றே. விற்பனைக்கே கிடையாது. ஊழியர் அலமாரியில்தான் இருக்கும். யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தாள். நாலாவது அறை வரிசையின் கோடியில், தூணுக்குப் பின்னால் இருந்தது. அங்கே யாரும் அதிகம் போவதில்லை. கதவு சாத்தியிருந்தது. சட்டையை எடுத்துவந்து கொக்கியில் மாட்டினாள்.

பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாள். கொக்கி காலி.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

கிர்ர்ர். அறை நான்கு. நீலச் சட்டை. மீடியம்.

"உள்ள யாருங்க?" என்றாள்.

துணி உரசும் சத்தம் மட்டும். யாரோ பட்டன் போடுகிறார்கள். நிதானமாக. ஒன்று... அடுத்து ஒன்று...

அவள் குனிந்து கதவுக்குக் கீழே பார்த்தாள்.

வெள்ளைத் தரை. கால்கள் இல்லை.

சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். "சார், ஆளே இல்லாத ரூம்ல இருந்து ரிக்வெஸ்ட் வருது."

"ஆள் இல்லன்னு நீங்க சொல்றீங்க. இருக்குன்னு மெஷின் சொல்லுது. நான் யாரை நம்பறது? கேட்டதைக் கொடுங்கம்மா." வைத்துவிட்டார்.

மெஷினில் வினாடிகள் குறைந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டால் குறை. ஓடிப்போய் மீடியத்தை எடுத்துவந்து மாட்டினாள். கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்று நின்றாள். எடுக்கவும் இல்லை. ஒருதரம் இமைத்தாள். அவ்வளவுதான்.

கொக்கி காலி.

கிர்ர்ர். ஸ்மால்.

அதையும் எடுத்துவந்து மாட்டினாள். உள்ளே மறுபடி பட்டன்கள்...

கிர்ர்ர்.

அறை நான்கு. நீலச் சட்டை. சைஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

வெறுங்கையோடு போனாள்.

"இதுக்குக் கீழ... இல்லைங்க."

சத்தம் நின்றது.

டிக்.

கதவு தானாக விலகியது.

உள்ளே யாரும் இல்லை.

சுவர்க் கொக்கியில் ஒரே ஒரு சட்டை. இல்லை... ஒன்றல்ல. லார்ஜுக்குள் மீடியம். மீடியத்துக்குள் ஸ்மால். மூன்றுக்கும் கழுத்து வரை பட்டன் போட்டிருந்தது.

தொட்டாள்.

சூடு. அப்போதுதான் உடம்பிலிருந்து கழற்றிய சூடு.

கண்ணாடியில் வெளிச்சம் எழுந்தது. எழுத்துகள்.

'உங்களுக்குப் பொருந்தும் அளவு...'

முழுதும் படிக்க அவள் நிற்கவில்லை.

கூட நிற்பவள் சாப்பிட்டு வந்ததும் இருவருமாகப் போய்ப் பார்த்தார்கள். கதவு திறந்து கிடந்தது. அறை காலி. ஊழியர் அலமாரியில் மூன்று சட்டைகளும் மடித்தபடி இருந்தன. "பசி மயக்கம். ஒழுங்கா சாப்பிடு," என்றாள் கூட வந்தவள்.

மறுநாள் இவள் கல்லா அக்காவைத் தேடிப் போனாள். கல்லா அக்கா அந்தக் கடையில் பதினெட்டு வருஷம் பில் போட்டவர். இப்போது வாடிக்கையாளர்கள் தாங்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்களுக்கு நடுவில் சும்மா நிற்கிறார். "கல்லாவைத் தூக்கிட்டாங்க. பேரை மட்டும் எனக்கே விட்டுட்டாங்க," என்பார்.

"அக்கா, நாலாம் நம்பர் ரூம் கண்ணாடி ரிப்பேரா?"

"அங்க ஏது கண்ணாடி?"

"இருக்கே. நான் பார்த்தேனே."

"அது தலை வாரிக்கற கண்ணாடி, வெறும் கண்ணாடி. ஒயரே கிடையாது. மெஷின் கண்ணாடியைக் கழட்டி ஒரு வருஷம் ஆச்சு." அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா. நீங்க சொல்லுங்க."

"கண்ணாடி வந்த புதுசுல அதுக்கு அளவெடுக்கத் தெரியாது. பழக்கணும். ஒரு ஆள் முன்னாடி நின்னு சட்டையைப் போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி... உன் இடத்துல இருந்தவளைத்தான் நிக்க வெச்சாங்க. நின்னா வேலை உறுதின்னாங்க. நாலாம் நம்பர்ல மாசக்கணக்கா நின்னா. நிக்க நிக்க இளைச்சா. கண்ணாடி உன்னைக் குடிக்குதுடின்னு நாங்க கேலி வேற பண்ணோம், பாவிங்க."

"டாக்டர்கிட்ட போகலயா?"

"லீவு போட்டா வேலை போயிடுமே. ஒருநாள் கதவு திறக்கல. உடைச்சோம். சுவத்துல சாஞ்சு, நின்ன வாக்குலயே உயிர் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரியில சட்டையைக் கழட்டினா... உள்ள இன்னொண்ணு. அதுக்குள்ள இன்னொண்ணு. மூணு சட்டை போட்டிருந்தாம்மா. இளைச்சது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

மூன்று சட்டையைப் பற்றி அக்காவிடம் அவள் மூச்சு விட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேஜைமேல் மடிப்புக் கலையாத நீலச் சட்டை ஒன்று இருந்தது. ஸ்மால்.

"நாலாம் நம்பர்ல புதுக் கண்ணாடி மாட்டறோம்மா. பழக்க ஒரு ஆள் வேணும். நீங்க நின்னீங்கன்னா உங்க குறையெல்லாம் அழிச்சிடறேன். வேலை உறுதி. முதல்ல இதைப் போட்டுப் பாருங்க. இப்ப போட்டிருக்கறது தொளதொளன்னு இருக்கு."

அவள் இடுப்பிலிருந்த மெஷினைக் கழற்றினாள். சட்டையின் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு நான் லீவு சார். டாக்டரைப் பார்க்கணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது."

மேஜைமேல் மெஷின் அதிர்ந்தது. கிர்ர்ர்...

"பாருங்க, ரிக்வெஸ்ட் வருது," என்றார்.

அவள் பார்க்கவில்லை. சட்டையை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு வேண்டாம் சார். இது என் சைஸ் இல்ல."