மூன்று தடவை வந்த புத்தகம்

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கரண்ட் வந்து, நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு இன்னும் வராத வருசம் அது. வரக்காப்பொல பக்கம் ரோட்டை அகலமாக்க மரங்களை வெட்டிப் போட்டதும் அப்போதுதான். வருசத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள்.

ரப்பர் பால் புளித்த வாடை... அதை நினைத்தாலே சந்தனம் அண்ணன் குரல் கேட்கிறது.

விடியக் காலையில் பால் வெட்டி முடித்தால், சிரட்டைகளில் பால் சொட்டி முடியும் வரை சும்மாதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சந்தனம் அண்ணன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் புத்தகம் படிப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

அது புதைகாட்டை ஒட்டிய இடம். தோட்டத்தில் செத்தவர்களை ரப்பர் மரங்களுக்கு நடுவேதான் புதைத்தோம். அண்ணனின் சம்சாரம் பாக்கியமும் அங்கேதான் கிடந்தாள். காய்ச்சலில் போனவள். இருந்தவரை முன்னால் வந்து உட்கார்ந்து கேட்பாள். அவளுக்கும் என்னைப் போல எழுத்து தெரியாது. ஒரு கதை பிடித்துவிட்டால், "இன்னொருக்கா படிங்க" என்று அண்ணனை விடமாட்டாள். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து வளையல் மாதிரி கையில் சுற்றிக்கொள்வாள். நாறும் என்று வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

"என்னண்ணே, செத்தவங்களுக்கும் சேத்தா படிக்கிறீங்க? இவ்வளவு சத்தமா?" என்று நான் கேலி செய்வேன்.

"கேட்டுட்டுப் போறாங்க ராமையா. அவங்களுக்கு வேற என்ன வேலை?" என்பார்.

புத்தகம் எல்லாம் டவுன் லைப்ரரியில் எடுத்ததுதான். அங்கே தமிழுக்கு ஒரே ஒரு அலுமாரி. அதைப் பார்த்துக்கொண்ட மிஸ் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார், வாசிக்க வராது. எது நல்ல புத்தகம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் படித்தவர்களே சொல்ல வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. "ஹொந்த பொத்தக், மிஸ்", நல்ல புத்தகம் என்று சொல்லிக் கொடுத்தால், அதை வாசலோரத் தட்டில் தனியாக வைப்பார்.

அண்ணனுக்கு ஒரு கால் ஊனம். சமதரையில் பால் வெட்டுவார், டவுனுக்கு நடக்க முடியாது. சனிக்கிழமைகளில் நான்தான் போவேன். தட்டில் இருப்பதில் ஒன்றை எடுத்து வருவேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை. எனக்கு எது எதுவென்று தெரியுமா?

அப்படித்தான் அந்தப் புத்தகம் வந்தது. மலையடியில் ஒரு ஊர். ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வருகிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மலை இறங்கி ஊரை மூடிவிடுகிறது. மரத்தடியில் அண்ணன் அதை முழுக்கச் சத்தமாகப் படித்து முடித்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கூமுட்டை! போன வாரம் படிச்சதையே கொண்டாந்திருக்க!"

"மிஸ்தாண்ணே எடுத்துக் குடுத்தாங்க. நம்ம பொம்பள ஒருத்தி வந்து, நல்ல புஸ்தகம்னு சொல்லிட்டுப் போனாளாம்."

"நம்ம தோட்டத்துல இருந்து லைப்ரரிக்குப் போற ஒரே ஆளு நீதானடா. எவ அவ?"

எனக்கு என்ன தெரியும்...

பிறகு மழை பிடித்தது. பால் வெட்டு நின்றது. மூன்றாம் தடவை நான் போனபோது, நான் கேட்கும் முன்னே மிஸ் ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"அந்த அக்கா திரும்ப வந்தது. கீழ் லைனுக்கு இது மட்டும் குடுங்க சொன்னது."

கீழ் லைனில்தான், மலைக்கு நேர் கீழே, அண்ணனும் மகள் செல்வியும் இருந்தார்கள். அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அட்டையைத் திறந்தார். அதே புத்தகம். இந்தத் தடவை திட்டவில்லை. படிக்கத் தொடங்கினார். ஊற்று கலங்குகிற இடம் வந்தபோது, மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன செல்வி குடத்தோடு வந்து நின்றாள்.

"அப்பா, தண்ணி செவப்பா வருது."

அண்ணன் குடத்துக்குள் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"ராமையா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஸ்கூலுக்குப் போ. நான் இந்தக் காலை வச்சிக்கிட்டு எங்கடா ஏறுறது?"

"நீங்க வரலைன்னா நானும் வரல" என்று செல்வி கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிடிவாதம் அவள் அம்மாவுடையது. லைன் சனத்தையெல்லாம் கிளப்பிவிட்டு, நான் அண்ணனை முதுகில் தூக்கிக்கொண்டேன். அந்த மேட்டை எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. முன்னால் யாரோ வழி விலக்கிக்கொண்டே போவது போல, புல் மட்டும் சாய்ந்து சாய்ந்து...

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் மலை வந்தது. கல் லொறி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கீழ் லைன் இருந்த இடத்தில் சிவப்பு மண். ஒரு ஆள்கூடச் சாகவில்லை.

ரோடு திறந்ததும் லைப்ரரிக்குப் போனேன். புத்தகம் மண்ணுக்குள் போய்விட்டது, அதைச் சொல்ல வேண்டுமே.

"மிஸ், அந்தப் பொத்த..."

"அது வந்தது, ஐயா. அந்த அக்கா நேத்து கொண்டுவந்து குடுத்தது." வாசலோரத் தட்டைக் காட்டினார்.

பழுப்பு அட்டையில் ஈரச் செம்மண். தொட்டேன். சில்லென்று இருந்தது.

"எப்படி மிஸ் இருப்பாங்க அவங்க?"

"மெலிசு. மழையில நனைஞ்சு வந்தது. கையில வளையல் இல்லை, ரப்பர் பால் சுத்தி இருந்தது. நல்ல நாத்தம், பவ்!" பாவம் என்று மிஸ் உச்சுக் கொட்டினார்.

நான் திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் புதைகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவளுக்கு எழுத்து தெரியாதே ராமையா" என்றார். பிறகு அவரே, "நான் சத்தமாத்தானே படிச்சேன்..." என்றார்.

இப்போது மருமகள் போனில், நீங்கள் விரும்பக்கூடிய புத்தகங்கள் என்று தானாக வருகிறது. "யாரும்மா சொல்றது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லல மாமா, அதுவா சொல்லுது" என்றாள். அவளுக்கு அது சாதாரணம். எனக்குத்தான் கை சில்லிட்டது.

சந்தனம் அண்ணனும் போய்ச் சேர்ந்தார். பாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தோம். அந்த மிஸ்ஸும் இல்லை. மரங்களையும் வெட்டிவிட்டார்கள். அந்த மரத்தடியில், மண்ணுக்கு மேலே உட்கார்ந்து கதை கேட்டவர்களில் என்னை விட்டால் இன்று மிச்சம் ஒரே ஒரு ஆள். கேகாலையில் இருக்கிறாள். மழை பிடித்தால் முதல் வேலையாக லைப்ரரிக்குப் போய் வாசலோரத் தட்டைப் பார்க்கிறாள்... செல்வி.