ஐந்து பேருக்கான காற்று

கொஞ்ச நாளாகவே கார் துள்ளிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரில் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி எகிறியது. காரணம் என்னவென்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. முதல் காரணத்திலேயே வியர்த்துவிட்டது. கடைசிக் காரணத்துக்கு வருவதற்குள், சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று, மாட வீதி நாலையும் சுற்றிவிட்டுக் குளத்தில் போய் விழுந்தது வரை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். தும்மல் வந்தால் உயில் எழுதலாமா என்று யோசிக்கிற ஆள் நான்.

வழக்கமாக இதையெல்லாம் மனைவியிடம் சொல்வேன். "சும்மா இருங்கோ" என்பாள். பாதி பயம் அங்கேயே போய்விடும். அவள் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போய் மாதக்கணக்காகிறது. சும்மா இருக்கச் சொல்ல ஆளில்லாமல், என் பயம் வீடு முழுக்கச் செருப்புக் காலோடு நடமாடிக்கொண்டிருந்தது.

கே.கே. நகரில் ஒரு மெக்கானிக்கைத் தெரியும். ஒரு கையில் டீ கிளாஸ் இருக்க, மறு கையால் டயரில் காற்றளவு பார்த்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். காத்துதான் ஜாஸ்தியா கீது. எவ்ளோ வெக்கிறீங்க?"

"முப்பத்தாறு."

"யாரு சொன்னது?"

"வண்டிதான்" என்று என் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினேன். கதவோரம் ஒரு ஸ்டிக்கர், அதில் இரண்டு படம். மூன்று தலை போட்ட படத்துக்கு முப்பத்திரண்டு. ஐந்து தலையும் ஒரு பெட்டியும் போட்ட படத்துக்கு முப்பத்தாறு.

"கரீட்டு. நீங்க எத்தினி பேரு போறீங்க?"

"அஞ்சு பேர்" என்றேன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். மனைவியின் சீட்டில் ஒரு தண்ணீர் கேன் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் கேன் வீட்டுக்கே வரும். இப்போது எனக்கு ஒரு கேன் போதும், ஒரு கேனுக்காக மாடியேற முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால் நானே போய் எடுத்து வருகிறேன். அந்த சீட்டில் கனமாக எதை வைத்தாலும், பெல்ட் போடும்வரை கார் கத்தும். கேனுக்கும் போட்டுவிட்டேன்.

"இவரு ஒருத்தரு, நீங்க ஒருத்தரு" என்றார் மெக்கானிக். "மீதி மூணு பேரு இன்னா சார், டிக்கில கீறாங்களா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவரைவிடச் சத்தமாகவே.

மனைவி கிளம்பிய அன்று ஊறுகாய், பொடி, பிரசவ மருந்து என்று கார் பிதுங்கப் பெட்டிகள் ஏற்றினோம். அன்றைக்கு வைத்ததுதான் முப்பத்தாறு. திரும்பும்போது மகள், மருமகன், பேத்தியோடு வருவதாகப் பேச்சு. என்னையும் சேர்த்தால் ஐந்து பேர், ஆளுக்கொரு பெட்டி. அப்படியே இருக்கட்டும் என்று, காற்று இறங்க இறங்க முப்பத்தாறுக்கே ஏற்றி வந்தேன். அதைக் குறைத்தால், அவர்கள் இப்போதைக்கு வரமாட்டார்கள் என்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"எறக்கிடட்டா சார்?"

"வேணாம் வேணாம். திடீர்னு எல்லாரும் வந்து எறங்கிட்டா?"

"வந்தா இன்னா? ஏர்போர்ட் போற வழில அட்ச்சிக்கினு போறது. காத்துக்கா பஞ்சம்?"

"பங்க்ல அன்னிக்குன்னு பார்த்து மிஷின் ரிப்பேர்னா?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "சார், இத்தோட ஓட்டினா டயரு நடுவுல தேஞ்சிடும். மழைல வழுக்கும். எனுக்கு இன்னா, டயர் விக்கிறவனுக்கு லாபம். இப்ப வண்டி ஓடி டயரு சூடா வேற கீது, அளவு கரீட்டா காட்டாது. காலைல மொத வேலையா உங்க வூட்டாண்ட பங்க்ல பாத்துடுங்க."

மழை, வழுக்கல் என்றதும் குளத்தில் விழுந்த சக்கரம் மறுபடி உருண்டு வந்தது. பயந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

"ஏன்னா, டே கேர்ல இன்னும் எடம் கெடைக்கலையாம். பச்சைக் குழந்தைய விட்டுட்டு எப்படி வரது? இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

"இரேன். நான் இங்க ஜாலியாத்தான் இருக்கேன்."

"அவாளும் இப்போ வரலையாம். லீவு இல்லையாம். நான் மட்டும்தான் வருவேன். நீங்க கேன தூக்கிண்டு மாடி ஏறாதேங்கோ."

"ஏறலை. அது உன் சீட்ல பெல்ட் போட்டுண்டு ஒக்காந்திருக்கு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழ, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். கார் துள்ளுவதைச் சொல்ல நினைத்திருந்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு, "சும்மா இருங்கோ" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் குரலில் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்?

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் பங்க்குக்குப் போனேன். காற்றடிப்பவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வழக்கம் போல முப்பத்தாறா சார்?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல, முப்பத்திரண்டு. நான் ஒருத்தன்தான்."

"அப்ப கொறைக்கணும்" என்று, அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி டயர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு டயரிலும் காற்று சீறிக்கொண்டு போயிற்று. நான் அந்தப் பக்கமே பார்க்காமல், காற்று இலவசம் என்று எழுதியிருந்த போர்டை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து கை துடைத்துக்கொண்டார். "ஸ்டெப்னியும் பாக்கணுமா சார்?"

டிக்கியைத் திறந்தேன். உபரி டயர் அழுக்குப் படாமல் படுத்திருந்தது. அளவு பார்த்துவிட்டு, "இதுவும் முப்பத்தாறு கீது. எறக்கிடவா?" என்றார்.

"வேணாம்" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் முதல் வேகத்தடை வந்தது. கார் மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கியது. கேன் கூட ஆடவில்லை.