கொடிக்கு அடித்த மருந்தும் என் காலும்

என் வலது கணுக்காலில் இருந்ததை ஆறு வருடமாக மரு என்றுதான் நினைத்திருந்தேன். கம்பம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்து வேலியில் கிளுவை முள் குத்திய இடம் அது. முதலில் மிளகு அளவுதான். பிறகு காலிஃபிளவர் மாதிரி விரிந்து, மேலே கறுப்புப் புள்ளிகள் வந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. கூச்சத்தில் யாரிடமும் காட்டவில்லை. சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டேன்.

கொடிக்கு நோய் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். டிரம்மின் அடியில் நிற்கும் மிச்சத்தைத் துணியில் தொட்டு என் காலிலும் பூசிக்கொள்வேன். கொடியைக் காப்பாற்றுவது என்னைக் காப்பாற்றாதா? கால் நீலமானது. மரு வளர்ந்துகொண்டே போனது.

ஒருநாள் சேலை விலகியபோது என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். புற்றுநோயாக இருக்கும், காலை எடுக்கச் சொல்வார்கள் என்று இருவருக்கும் பயம். மறுநாளே பஸ் ஏறித் தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோல் டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண்.

"ஏம்மா, இது ஏன் நீலமா இருக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கொடிக்கு அடிக்கிற மருந்தப் பூசியிருக்கா டாக்டரம்மா. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் திட்டவில்லை. "கொடிக்கு என்ன நோய்?"

"பூஞ்சைங்க."

"இதுவும் பூஞ்சைதானோன்னு தோணுது. ஆனா அந்த மருந்துக்கு இது சாகாது. தோல்தான் வெந்துபோகும்."

கறுப்புப் புள்ளியைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்பாக, உருண்டை உருண்டையாக, நடுவில் கோடு விழுந்து, கொத்தமல்லி விதையைச் சிதறிவிட்டது போல் இருந்தது. மண்ணிலும் முள்ளிலும் இருக்கும் கறுத்த பூஞ்சையாம். முள்ளோடு உள்ளே போயிருக்கிறது.

"கருப்புப் பூஞ்சையா? கொரோனாவுல கண்ண எடுத்தாகளே, அதா?" வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அது வேற, இது வேற. இது புற்றுநோயும் இல்ல. காலை எடுக்க வேண்டாம்."

அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காலை மட்டும் நீட்டினேன். இது என்ன நோய் என்று டாக்டர் கேட்க, முன்னால் நின்ற பெண் விழித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பூஞ்சைன்னு சொல்லு தாயி" என்று மெல்லச் சொல்லிக்கொடுத்தேன். அறையே சிரித்தது. முந்தானைக்குள் நானும் சிரித்தேன்.

பத்து மாதம் மாத்திரை. தினமும் வெந்நீர்ப் பையால் ஒத்தடம். சூடு அந்தப் பூஞ்சைக்கு ஆகாதாம். பை ஆறிப்போனால் வீட்டுக்காரரே வெந்நீர் மாற்றித் தருவார். அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, வெளுத்த தழும்பாகிவிட்டது. கடைசியாகப் போனபோது மாத்திரை போதும் என்ற டாக்டர், இனி வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கக்கூடாது என்றார்.

அங்கிருந்து நேரே கடைவீதிக்குப் போய் ரப்பர் பூட்ஸ் கேட்டோம்.

"ஒத்தக் காலுக்கு மட்டும் தருவாகளான்னு கேளு" என்று வீட்டுக்காரர் என்னைச் சீண்டினார்.

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, வலது காலைக் கடைக்காரர் முன்னால் வைத்தேன்.

"ஜோடியாவே குடுங்கண்ணே. ரெண்டு காலும் இருக்கு!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.